பதினான்கு கிலோ

சிட்னி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்தபின் கிடைத்திருக்கும் முதல் நீண்ட லீவில் தோழிகளோடு லார்ட் ஹவ் தீவுக்குப் போகப்போவதாகச் சொன்னாய். அங்கே என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு லிஸ்ட் அனுப்பவும் சொன்னாய். லிஸ்ட் போடுவது சுலபம். தீவின் நீளமே 11 கிலோமீட்டர்தான். அகலம் எங்கே அளந்தாலும் 3 கிலோமீட்டரைத் தாண்டாது. பத்து வரியில் முடித்துவிடலாம். ஆனால் 2016 ஜனவரியில் நான் அப்படி ஒரு லிஸ்டோடுதான் போனேன். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் புரியாமல் திரும்பினேன். 2022 ஏப்ரலில் மறுபடி போனபோதுதான் அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. அதனால் லிஸ்டுக்குப் பதிலாக இந்தக் கடிதம். ட்யூட்டி முடிந்து ரயிலில் வரும்போது படித்துக்கொள்.

முதலில் பெட்டி. நான் போன இரண்டு தடவையும் விமானத்தில் பெட்டிக்கு ஆளுக்கு 14 கிலோதான் அனுமதி. ஊருக்குப் போகும்போதெல்லாம் 30 கிலோவையும் தாண்டிவிட்டு, விமான நிலையத்துத் தரையில் பெட்டியைத் திறந்துபோட்டுப் புடவைகளைக் கைப்பைக்கு மாற்றும் வம்சம் நம்முடையது. 14 கிலோ என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தீவின் ஓடுதளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்பதும், அதில் இறங்கக்கூடிய சின்ன விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்பதும் அப்போது தெரியாது. இப்போது யோசித்தால், அந்தத் தீவைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட முதல் உண்மையே அந்தத் தராசு முள்தான். அங்கே வந்து இறங்கும் எதற்கும் எடை உண்டு, கண்ணு. நான் சொல்ல வருவதெல்லாம் இது ஒன்றுதான்.

1788 பிப்ரவரி 17 வரை அந்தத் தீவில் மனிதக் கால் பட்டதற்கு ஒரு தடயமும் இல்லை. பசிபிக்கையே படகில் அளந்த பாலினீசியர்கள்கூட அங்கே தங்கிய அடையாளம் கிடைக்கவில்லை. சிட்னியிலிருந்து நார்ஃபோக் தீவுக்குக் கைதிகளை ஏற்றிப்போன ‘சப்ளை’ என்ற கப்பலின் கண்ணில்தான் அது முதன்முதலாகப் பட்டது. குடியேற்றம் 1834ல் தொடங்கியது, அதுவும் நியூசிலாந்திலிருந்து வந்த இரண்டு மூன்று குடும்பங்கள்தான். அதற்கு முன் சுமார் 70 லட்சம் வருடங்கள், எரிமலை எழுந்து அடங்கிய காலம் முதல், காற்றும் கடலும் பறவையின் வயிறும் கொண்டுவந்து சேர்த்தவைதான் அங்கே வாழ்ந்தன. பாலூட்டி என்று சொன்னால் வௌவால் மட்டும். பாம்பு இல்லை. பூனை, எலி எதுவும் இல்லை. துரத்த ஆளில்லாத இடத்தில் ஓடக் கற்றுக்கொள்ளத் தேவை இல்லை அல்லவா? சில பறவைகள் பறக்கவே மறந்துபோயின.

அப்புறம் 1918 ஜூன் மாதம் ‘மகம்போ’ என்ற கப்பல் தீவின் நெட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் தரைதட்டியது. பழுது பார்ப்பதற்காகச் சரக்கை இறக்கினார்கள். சரக்கோடு சேர்ந்து கருப்பு எலிகளும் இறங்கின. யாரும் வேண்டுமென்று செய்த காரியம் இல்லை. ஆனால் அடுத்த சில வருடங்களில், உலகில் வேறெங்கும் இல்லாத ஐந்து வகைப் பறவைகள் அந்தத் தீவிலிருந்து இல்லாமலே போயின. அப்போது தீவு மக்களுக்குப் பிழைப்பே கென்டியா பனை விதை ஏற்றுமதிதான். நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறைகளில் தொட்டியில் நிற்குமே, நீளமாக இலை விரித்து, அதுதான். அதன் பூர்வீகம் இந்தத் தீவு. அந்த விதையையும் எலி தின்றது. எலிவாலுக்குக் காசு என்று அறிவித்தார்கள். அதுவும் போதாமல் 1920களில் ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆந்தை எலியையும் தின்றது, மிச்சமிருந்த பறவையையும் தின்றது.

நூறு வருடம் கழித்து, 2019ல்தான் கணக்குத் தீர்ந்தது. தீவு முழுக்க ஒரே காலத்தில் விஷ இரை வைத்தார்கள். மலையில் ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள், ஊருக்குள் வீடு வீடாகப் பெட்டி வைத்தார்கள். விஷம் பட்டுவிடக்கூடாது என்று உள்ளூர்ப் பறவைகளில் பலவற்றை முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் காப்பாற்றினார்கள். இதை ஊரே ஒருமனதாகச் செய்தது என்று நினைக்காதே. வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. குழந்தைகள் விளையாடும் இடத்தில் விஷமா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. 2021ல் மறுபடி ஓரிரு எலிகள் தென்பட்டபோது திரும்பவும் ஒரு சுற்று ஓடினார்கள். ஒரு கப்பல் ஒருநாள் தரைதட்டியதற்கு இவ்வளவும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பெட்டி கட்டும்போது உன் ஷூவைத் திருப்பிப் பார்ப்பதற்காக. அடியில் உள்ள பள்ளங்களில் ஒட்டிய மண், காலுறையில் குத்தி நிற்கும் புல்விதை, முதுகுப்பையின் ஓரத்தில் தங்கிய தூசி எல்லாம் நமக்கு அழுக்கு, அவர்களுக்குக் கப்பல். மரத்தின் வேரை அழுகவைக்கும் ஒரு நோய் மண்ணிலேயே வரும். நடைபாதைகள் தொடங்கும் இடங்களில் ஷூவைத் தேய்க்கத் தூரிகையும் மருந்தும் வைத்திருப்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகாதே. நீ தினமும் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகுமுன் கை கழுவுகிறாயே, அதே காரியம் இது. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் பயணத்தில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். நெட்ஸ் கடற்கரைப் பக்கம், போட்டோவுக்கு நல்ல கோணம் வேண்டும் என்று பாதையைவிட்டு நாலு அடி உள்ளே வைத்தேன். கால் சட்டென்று முழங்கால்வரை மண்ணுக்குள் போய்விட்டது. அது ‘மட்டன்பேர்ட்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கடற்பறவையின் பொந்து. தரைக்குள் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் நின்றார். திட்டவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கையாலேயே மண்ணை மெதுவாக வாரி எடுத்து, உள்ளே பார்த்தார். “இது காலி வளை. உங்களுக்கு அதிர்ஷ்டம்” என்றார். எனக்கா, பறவைக்கா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கன்னம் சுட்டது.

அந்தப் பறவை பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள். தாய்ப்பறவை நடுக்கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை இரை என்று நினைத்துப் பொறுக்கிவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஒரே குஞ்சின் வயிற்றில் நூற்றுக்கணக்கான துண்டுகளை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உரசி உரசி இரைப்பையில் தழும்பேறும் அந்த நோய்க்கு 2023ல் ‘பிளாஸ்டிகோசிஸ்’ என்று தனியாகவே பெயர் வைத்தார்கள். இந்தத் தீவுப் பறவைகளை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது. தீவில் யாரும் அந்தக் குப்பையைப் போடவில்லை. ஆக, சிட்னியில் உன் சமையலறையிலிருந்தே நீ அந்தத் தீவுக்குள் கால் வைத்துவிட்டாய்.

போதும், பயமுறுத்தவில்லை. போவதற்கு முன் வருத்தப்படச் சொல்லவும் இல்லை. எலி போனபின் நடந்ததைக் கேள். ‘வுட்ஹென்’ என்று ஒரு பழுப்புக் கோழி. பறக்காது. 1970களின் கடைசியில் உலகத்திலேயே 30க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. முதல் தடவை நான் போனபோது ஐந்து நாளில் இரண்டைத்தான் பார்த்தேன். அதுவும் காட்டுக்குள். இரண்டாம் தடவை நாங்கள் தங்கிய விடுதி வாசலிலேயே மேய்ந்துகொண்டிருந்தது. என் பையின் ஜிப்பைக் கொத்திப் பார்த்தது, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அலட்சியமாகத் திரும்பி நடந்தது. இப்போது அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. நீயும் ஒன்றும் போட்டுப் பழக்காதே.

இன்னொரு கதை, குச்சிப்பூச்சி. உள்ளங்கையைவிட நீளம், கருப்பாகப் பளபளக்கும். எலி வந்தபின் 1920களிலேயே அது அழிந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். தீவுக்குத் தென்கிழக்கே 20 கிலோமீட்டருக்கு அப்பால் ‘பால்ஸ் பிரமிட்’ என்று ஒரு பாறை, கடலிலிருந்து 550 மீட்டருக்கு மேல் செங்குத்தாக, கத்தி குத்திவைத்த மாதிரி நிற்கும். 2001ல் சில ஆய்வாளர்கள் அதில் இராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறினார்கள். பாறை இடுக்கில் வளர்ந்த ஒரே ஒரு புதரில் 24 பூச்சிகள் இருந்தன. உலகத்தில் அந்த இனத்துக்குத் தெரிந்த மிச்சம் அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். மெல்பர்ன் மிருகக்காட்சிசாலையில் பல ஆயிரம் பொரித்தாயிற்று. வானம் தெளிவாக இருக்கும் நாளில் மலைமேலிருந்து அந்தப் பாறை தெரியும். பார்க்கும்போது அந்த ஒரு புதரை நினைத்துக்கொள்.

மலை என்றேன். கவர் மலை, 875 மீட்டர். போய்வர 14 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏறவிடமாட்டார்கள். கடலுக்கு நேர் மேலே, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லாத ஒற்றையடிப் பாதையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உன் தோழிகளில் ஒருத்தி பயந்தால் விட்டுவிடுங்கள். “வாடி, ஒண்ணும் ஆகாது” என்று இழுத்துப் போகாதீர்கள். ஏறாமல் கீழே கடலோரம் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உச்சியில் மேகம் மரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கிளையெல்லாம் பாசி போர்த்திய குட்டை மரங்கள். மார்ச்சிலிருந்து நவம்பருக்குள் போனால் வழிகாட்டி வாயைக் குவித்து ஒரு ஊளையிடுவார். வானத்தில் சுற்றும் ‘பெட்ரல்’ பறவைகள் மரத்துக்குள்ளே தொப்பென்று விழும், உன் காலடியில். எழுந்து நின்று யார் கூப்பிட்டது என்று பார்க்கும். நான் ஒன்றைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதே பறவை ஒரு காலத்தில் நார்ஃபோக் தீவிலும் ஏராளமாக இருந்தது. 1790ல் அங்கே கப்பல் உடைந்து, குடியேறிகளும் கைதிகளும் பட்டினியில் கிடந்தார்கள். கூப்பிட்டால் வரும் பறவை. ஒரு லட்சத்துக்கும் மேலாகப் பிடித்துத் தின்றார்கள். கடவுள் அனுப்பியது என்று ‘ப்ராவிடன்ஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். கொஞ்ச வருடத்தில் அங்கே அது அற்றுப்போனது. பசித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பறவை இன்னும் காலடியில் வந்து விழுகிறது, கண்ணு. பசியில்லாத நாம் அதன் முன்னால் நிற்கும்போது கொஞ்சம் அடக்கமாகத்தான் நிற்க வேண்டும்.

இனி நடைமுறை விஷயங்கள். ஒரு சமயத்தில் தீவில் 400 சுற்றுலாப் பயணிகளுக்குமேல் தங்க முடியாது, அது சட்டம். ஊர்க்காரர்களும் 400 சொச்சம்தான். ஆளுக்கு ஒரு விருந்தாளி என்று வைத்துக்கொள். நாம் தென்காசிக்காரர்கள், சீசன் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் இறங்கும் கூட்டம், அது போனபின் பாறை இடுக்கில் கிடக்கும் ஷாம்பூ பாக்கெட், எண்ணெய்ப் பிசுக்கு, எச்சில் இலை. வந்தவர்கள் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள், கூட்டிப் பெருக்குவது ஊர்க்காரன். நாம் ஊர்க்காரர்களாக இருந்து பார்த்திருக்கிறோம். அதனால் விருந்தாளியாகப் போகும்போது நமக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

400தான் என்பதால் விலை அதிகம். ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு வாரம் அங்கே தங்கும் காசில் நீ ஊருக்கே போய்வந்துவிடலாம். நான் போன சமயத்தில் காய்கறி முதல் சிமெண்ட் வரை போர்ட் மக்குவாரியிலிருந்து 600 கிலோமீட்டர் கடல் தாண்டிக் கப்பலில் வந்தது, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அதனால் கடையில் தக்காளி விலையைப் பார்த்து முகம் சுளிக்காதே. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் எடுத்துக்கொள். பொடி முளைக்காது! குடிதண்ணீர் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியிலிருந்துதான். ஆகவே குளியல் குற்றாலக் குளியலாக இருக்க வேண்டாம்.

ஊருக்குள் சைக்கிள்தான். கார்கள் கொஞ்சம், அவையும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குமேல் போகக்கூடாது. நெட்ஸ் கடற்கரையில் ஒரு கொட்டகையில் நீச்சல் கண்ணாடி, துடுப்புக்கால் எல்லாம் அடுக்கியிருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. எடுத்ததற்கு உண்டான காசைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். சில்லறையைச் சரியாக எடுத்துப் போ. முழங்காலளவு தண்ணீரில் நின்றால் பெரிய மீன்களே வந்து காலைச் சுற்றும். ரொட்டி போடாதே. மேற்குப் பக்கத்து லகூனில் இருப்பது உலகின் தென்கோடிப் பவளத்திட்டு. 2019ல் கடல் சூடானபோது அதிலும் பவளம் வெளுத்தது. அதன் மேல் நிற்காதே, கையில் எடுக்காதே. செத்த பவளம் கரையில் கிடந்தாலும் அங்கேயே கிடக்கட்டும்.

நான் போன சமயத்தில் தீவில் மொபைல் சிக்னலே கிடையாது. சில இடங்களில் வைஃபை உண்டு. அதனால் புறப்படும் முன்பே அண்ணியிடம் சொல்லிவிடு. வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு செய்தி நின்றால் அண்ணி என் உயிரை எடுத்துவிடுவார். கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஊர் மணி சிட்னியைவிட அரை மணி முன்னால். கோடையில் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும்போது அவர்கள் அரை மணிதான் தள்ளுவார்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு அரை மணிக் கணக்கு புதிதா என்ன!

லிஸ்டில் இல்லாமல் நான் கண்டுபிடித்தது ஒன்று. காட்டுக்குள் ஆலமரங்கள் இருக்கின்றன. நம் ஆல் இல்லை, அதன் தூரத்துச் சொந்தம். ஆனால் அதே மாதிரி விழுது விட்டு, விழுது ஊன்றித் தூணாகி, ஒரே மரம் ஊர்ந்து ஊர்ந்து ஒரு சத்திரம் அளவுக்குப் பரந்திருக்கிறது. முதல் தடவை அதை ஐந்து நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கடந்தேன். இரண்டாம் தடவை ஒரு மத்தியானம் முழுக்க அதனடியில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் காலத்திலோ எந்தப் பறவையோ எச்சமிட்ட ஒரு விதை, 600 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்து இறங்கி, இவ்வளவுக்கும் நிழல் தருகிறது. எலியும் அப்படித்தான் கடல் தாண்டி வந்தது. வந்து இறங்கியபின் என்ன செய்தது என்பதில்தான் வித்தியாசம்.

கடைசியாக, திரும்பும் நாளை ட்யூட்டி நாளோடு ஒட்டிப் போடாதே. குறுக்கே காற்று அடித்தால் அந்தச் சின்ன ஓடுதளத்தில் விமானம் இறங்காது. எனக்கு இரண்டாம் தடவை ஒன்றரை நாள் தாமதம். விமானக் கம்பெனிக்காரர்களுக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சத்தம் போட்டேன். விடுதி அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1931ல் பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்கிறவர் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்துவந்து, வழியில் இங்கே இறங்கியிருக்கிறார். இராத்திரி அடித்த புயலில் அவருடைய கடல்விமானம் கவிழ்ந்து நொறுங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் கூடவே நின்று உதவ, வாரக்கணக்கில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி கட்டி, அதிலேயே பறந்துபோனாராம். “உங்களுக்கு ஒன்றரை நாள்தானே” என்றார் அந்த அம்மாள். நான் தேநீரைக் குடித்தேன்.

என்னிடம் ஒரு கெட்டியான பழைய பல்துலக்கி இருக்கிறது. ஷூவின் அடியைத் தேய்க்க அதற்கு இணையே கிடையாது. வரும் சனிக்கிழமை ட்யூட்டி இல்லையென்றால் ஷூவை எடுத்துக்கொண்டு சாப்பிட வா. சாப்பிட்டதும் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து இருவரும் தேய்ப்போம். பெட்டியையும் கொண்டு வா. என் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை